வரைபடம், காலக்கோடு, மனிதர்: வரலாறும் புவியியலும் மனத்தில் நிற்க ஒரு முழுமையான வழிகாட்டி

தலைநகரங்களின் பட்டியல், மன்னர்களின் பட்டியல், "உலகிலேயே மிகப்பெரியது" பட்டியல் என்று மனப்பாடம் செய்யும் பொது அறிவு ஆறு மாதம் தாங்காது. படித்தவருக்கு மறதி அதிகம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு பெயரோ ஆண்டோ தனியாக நிற்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள மனத்துக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஒரு செய்தி எந்த இடத்தில் நடந்தது, எதற்கு முன்பு, எதற்குப் பின்பு, யாரால், அது நமக்கு எப்படித் தெரிய வந்தது என்ற நான்கையும் சேர்த்துப் பிடித்தால் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே பெரிதும் குறைந்துவிடும். அந்த முறையைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். பள்ளி மாணவருக்கும் சரி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கும் சரி, சும்மா ஆர்வத்தில் படிப்பவருக்கும் சரி, வழி ஒன்றுதான்.

படி 1: முதலில் உருண்டையைப் பாருங்கள், தட்டையான வரைபடம் அப்புறம்

சுவரில் தொங்கும் உலக வரைபடங்களில் பல மெர்க்கேட்டர் 1569ல் வகுத்த முறையையோ அதன் வழிவந்ததையோ பின்பற்றுகின்றன. அது மாலுமிகளுக்காக வரையப்பட்டது. திசைக்கோணம் பிசகக் கூடாது என்பதற்காகப் பரப்பளவை விட்டுக்கொடுத்த வரைபடம் அது. துருவங்களை நெருங்க நெருங்க எல்லாம் ஊதிப் பெரிதாகிவிடும். அதில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்காவின் பரப்பு சுமார் 3 கோடி சதுர கி.மீ.; கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம். ஏறத்தாழ 14 மடங்கு வித்தியாசம். இந்த ஒரு பிழையை மனத்திலிருந்து அகற்றாமல் உலக வரலாறு படித்தால், ஆப்பிரிக்காவை ஒரே நாடுபோலப் பேசும் பழக்கம் வந்துவிடும்.

ஓர் உருண்டை மாதிரி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் திரையில் சுழற்றிப் பார்க்கும் உருண்டை போதும். வடக்கு அட்சரேகை 40° கோட்டின் மீது விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். மாட்ரிட், அங்காரா, பெய்ஜிங், நியூயார்க் நான்கும் விரலுக்குக் கீழேயே வரும். லண்டன் அதைவிட வெகு வடக்கே, 51.5°ல் இருக்கிறது. ஆனால் பெய்ஜிங்கின் குளிர்காலம் லண்டனைவிடக் கொடுமையானது. ஏன்? லண்டனுக்குக் காற்று வருவது வெப்பமான கடல்நீரோட்டம் பாயும் அட்லாண்டிக்கிலிருந்து. பெய்ஜிங்குக்குச் சைபீரிய நிலத்திலிருந்து. இப்படி ஒரு கேள்வி எழுந்து அதற்கு விடையும் கிடைத்துவிட்டால் அந்த நான்கு ஊர்களும் இடம் மாறாது.

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் கண்டங்களைக் கையால் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. நிலநடுக்கோடு எதன் வழியே போகிறது, ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே எங்கே இடைவெளி குறுகுகிறது என்பது போன்றவை சரியாக இருந்தால் போதும்.

படி 2: நாட்டு எல்லைகளுக்கு முன்னால் ஆறு, மலை, நீரிணை, காற்று

நாட்டு எல்லைகள் நேற்று வந்தவை, நாளை மாறக்கூடியவை. ஆறும் மலையும் அப்படியல்ல. அதனால் அரசியல் வரைபடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இயற்கை வரைபடத்தில் கூடுதல் நேரம் செலவழியுங்கள். இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

நைலை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. எகிப்தில் பெரும்பாலும் வீசும் காற்றோ வடக்கிலிருந்து தெற்கே. ஆக, படகைச் சும்மா விட்டால் வடக்கே போகும். பாயை விரித்தால் தெற்கே போகும். இரண்டு திசைக்கும் இயற்கையே வண்டி ஓட்டுகிறது. இரு பக்கமும் பாலைவனம் வேறு. ஆயிரம் கி.மீ.க்கு மேல் நீண்ட ஒரு மெல்லிய நிலத்துண்டை ஒரே அரசு அவ்வளவு காலம் முன்பே கட்டி ஆள முடிந்தது எப்படி என்று வியப்பவர்கள் இந்தக் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து நீரிணைகள். ஜிப்ரால்டர், பாஸ்பரஸ், ஹோர்முஸ், பாப்-எல்-மண்டேப், மலாக்கா ஆகிய ஐந்தையும் வரைபடத்தில் தேடிக் குறியுங்கள். குறித்து முடித்ததும் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க்கின் பயணப் பட்டியலைப் பாருங்கள். 1510ல் கோவா, 1511ல் மலாக்கா, 1513ல் ஏடனைப் பிடிக்க முயன்று தோல்வி, 1515ல் ஹோர்முஸ். வெறும் பட்டியலாகப் படித்தால் கால்போன போக்கில் சண்டை போட்ட ஆள்போலத் தெரியும். நீரிணைகளைக் குறித்த வரைபடத்தில் வைத்தால் திட்டம் பளிச்சென்று தெரிந்துவிடும். இந்தியப் பெருங்கடலுக்குள் நுழையும் வாசல்களை ஒவ்வொன்றாக அடைக்கப் பார்த்திருக்கிறார். ஏடன் கைக்கு வராததால் செங்கடல் வாசல் மட்டும் திறந்தே கிடந்தது. மிளகு அந்த வழியே தொடர்ந்து போனது.

காற்றையும் விட்டுவிடக் கூடாது. வாஸ்கோ ட காமா 1498ல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுப் பக்கம் வந்து சேர எடுத்துக்கொண்டது மூன்று வாரச் சொச்சம்தான். வழிகாட்டியுடன், தென்மேற்குப் பருவக்காற்று எழும் நேரத்தில் வந்தார். திரும்பும்போது காற்று திரும்பும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் கிளம்பிவிட்டார். அதே கடலைக் கடக்க மூன்று மாதம் ஆயிற்று. ஸ்கர்வி நோயில் ஆட்கள் செத்து விழுந்தார்கள். அந்தக் கடலில் பல நூற்றாண்டுகளாகப் போய்வந்த வணிகர்கள் செய்யாத காரியம் இது. ஒரே மனிதர், ஒரே கடல், இரண்டு பயணங்கள்; நடுவில் மாறியது காற்று மட்டும். பருவக்காற்று என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

படி 3: காலக்கோட்டில் முளை அடியுங்கள்

எல்லா ஆண்டுகளையும் நினைவில் வைக்க முடியாது, தேவையும் இல்லை. பதினைந்துக்குள் ஆண்டுகளை முளைகளாக அடித்துவிட்டால், படிக்கும் எதையும் "இதற்கு முன், அதற்குப் பின்" என்று கட்டிவிடலாம். என் தேர்வு இது:

சுமார் கி.மு. 3200: மெசொப்பொத்தேமியாவில் எழுத்து
சுமார் கி.மு. 500: புத்தரும் கன்பூசியஸும் வாழ்ந்த காலத்தை ஒட்டி, ஏதென்ஸில் மக்களாட்சி
கி.மு. 221: சீனம் ஒரே பேரரசின் கீழ்
கி.மு. 27: அகஸ்டஸ், ரோமப் பேரரசின் தொடக்கம்
476: மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் பதவி இழப்பு
622: முகம்மது நபி மக்காவிலிருந்து மதீனாவுக்கு
1206: செங்கிஸ்கான் மங்கோலியர்களின் தலைவர்
1347: பெருங்கொள்ளைநோய் ஐரோப்பாவை எட்டுகிறது
1453: ஒட்டோமான்கள் கையில் கான்ஸ்டான்டிநோபிள்
1492: கொலம்பஸ் கரீபியத் தீவுகளில்
1789: பிரெஞ்சுப் புரட்சி
1914, 1945, 1991: முதல் உலகப் போர் தொடக்கம், இரண்டாம் உலகப் போர் முடிவு, சோவியத் ஒன்றியத்தின் கலைவு

இந்தப் பட்டியல் சரிசமமானது அல்ல. ஐரோப்பாவின் பக்கம் சாய்ந்திருக்கிறது, 622க்கும் 1206க்கும் நடுவே பெரிய ஓட்டை இருக்கிறது. உங்கள் ஆர்வத்துக்கேற்ப அடைத்துக்கொள்ளுங்கள். கம்போடியா பிடிக்குமா, கெமர் அரசு தொடங்கியதாகக் கொள்ளப்படும் 802ஐச் சேருங்கள். மேற்கு ஆப்பிரிக்கா என்றால் மாலியின் மன்சா மூசா மக்கா யாத்திரை போன 1324.

முளைகளால் வரும் பெரிய லாபம், காரணங்களைச் சோதிக்க முடிவதுதான். "1453ல் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது, நிலவழி அடைபட்டது, அதனால்தான் ஐரோப்பியர்கள் கடல்வழி தேடினார்கள்" என்று பல பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடும். காலக்கோட்டை எடுங்கள். போர்ச்சுகீசியர்கள் வட ஆப்பிரிக்காவின் செயுட்டாவைப் பிடித்தது 1415. பொஜடோர் முனையைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கே இறங்கியது 1434. இரண்டும் 1453க்கு முன்னால். விளைவு காரணத்துக்கு முந்தி வராது. 1453 அவர்கள் அவசரத்தைக் கூட்டியிருக்கலாம், ஆனால் தொடக்கம் அது இல்லை. ஆப்பிரிக்கத் தங்கமும் மதப்போர் ஆசையும் அவர்களை ஏற்கெனவே கடலில் இறக்கிவிட்டிருந்தன.

படி 4: ஒரே ஆண்டை உலகம் முழுக்கக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்

நாட்டு வரலாறுகளைத் தனித்தனியாகப் படிப்பதால் அக்பர் ஓர் உலகத்திலும் ஷேக்ஸ்பியர் வேறோர் உலகத்திலும் வாழ்ந்ததுபோல ஆகிவிடுகிறது. 1600ஐ ஒட்டி வெட்டிப் பாருங்கள். ஆக்ராவில் அக்பர் (இறப்பு 1605). இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் (இறப்பு 1603). பாரசீகத்தில் ஷா அப்பாஸ். ஜப்பானில் 1603ல் டோக்குகவா இயேயாசு ஷோகன் (நாட்டை ஆளும் படைத்தலைவர்) ஆகிறார். 1600 டிசம்பர் 31ல் எலிசபெத் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் தருகிறார். 1602ல் டச்சுக்காரர்கள் தங்கள் கம்பெனியைத் தொடங்குகிறார்கள். 1609ல் கலிலியோ தொலைநோக்கியை வானத்துக்குத் திருப்புகிறார். கம்பெனி பிறந்த நாளில் அக்பர் உயிரோடு ஆண்டுகொண்டிருந்தார் என்பது இந்த வெட்டில்தான் கண்ணில் படுகிறது. அன்றைய கணக்கில் யார் பெரிய அரசர் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது.

இன்னொரு நல்ல வெட்டு 1815. ஜூனில் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தத் தூசியும் கந்தகமும் வானில் பரவி, 1816ல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வராமல் பயிர் அழிந்தது. அன்றைய மக்களுக்குக் காரணம் தெரியாது.

படி 5: நாள்காட்டிக் கணக்கில் ஏமாறாதீர்கள்

முதல் பொறி, பூஜ்ய ஆண்டு இல்லாதது. கி.மு. 1 முடிந்ததும் கி.பி. 1. அகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63 செப்டம்பர், இறந்தது கி.பி. 14 ஆகஸ்ட். 63ஐயும் 14ஐயும் கூட்டினால் 77. பூஜ்ய ஆண்டு இல்லாததால் ஒன்றைக் கழியுங்கள், 76. அந்த ஆண்டுப் பிறந்தநாள் வருவதற்குள் இறந்துவிட்டதால் வயது 75. இதே காரணத்தால்தான் நூற்றாண்டு 1ல் தொடங்கி 100ல் முடிகிறது. 2000 என்பது இருபதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டு.

இரண்டாவது, ஜூலியன் நாள்காட்டியும் கிரிகோரியன் நாள்காட்டியும். 1582ல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி திருத்தம் கொண்டுவந்தபோது அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. கத்தோலிக்க நாடுகள் சில உடனே மாறின. பிரிட்டன் 1752ல்தான் மாறியது, ரஷ்யா 1918ல். அதனால்தான் ரஷ்யாவின் "அக்டோபர் புரட்சி" நம் கணக்கில் 1917 நவம்பர் 7.

"கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்" என்ற வரியை நிறையப் பேர் ரசித்துச் சொல்வார்கள். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் கிரிகோரியன் கணக்கில். நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் ஜூலியன் கணக்கில். அதையே கிரிகோரியனுக்கு மாற்றினால் 1643 ஜனவரி 4. இரண்டு அளவுகோலைக் கலந்தால் மட்டுமே அந்த அழகான வரி நிற்கும். ஜார்ஜ் வாஷிங்டன் விஷயம் இன்னும் வேடிக்கை. அவர் பிறந்தபோது நாள் 1731 பிப்ரவரி 11. இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. பதினொரு நாள் சரி, ஓர் ஆண்டு எப்படி நகர்ந்தது? அப்போது இங்கிலாந்தின் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25ல் தொடங்கியது.

இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டைக் கி.பி.க்கு மாற்ற அதோடு 622ஐக் கூட்டிவிடும் பழக்கமும் தவறு. சந்திர ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்தான். ஹிஜ்ரி 1400 தொடங்கியது 1979 நவம்பரில்.

படி 6: பெயர் மாறிய இடங்களுக்கு ஒரு தனிப் பக்கம்

பழைய நூல் ஒன்றில் பெட்ரோகிராட், இன்னொன்றில் லெனின்கிராட், மூன்றாவதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று வந்தால் மூன்றும் ஒரே ஊர். 1703ல் நிறுவப்பட்டு, 1914, 1924, 1991 என மூன்று முறை பெயர் மாறியது. மாற்றங்களுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்: ஜெர்மனியோடு போர், லெனின் மறைவு, சோவியத் முடிவு. ஓர் ஊரின் பெயரை வைத்தே ஒரு நூற்றாண்டு அரசியல் வந்துவிடுகிறது. நாடுகளில் சயாம் (தாய்லாந்து, 1939), சிலோன் (இலங்கை, 1972), அப்பர் வோல்ட்டா (புர்கினா ஃபாசோ, 1984), ஸ்வாசிலாந்து (எஸ்வாட்டினி, 2018) ஆகியவை அடிக்கடி வரும்.

குழப்பும் ஜோடிகளையும் சேர்த்து எழுதுங்கள். நைஜரும் நைஜீரியாவும், டொமினிக்காவும் டொமினிக்கன் குடியரசும், இரண்டு காங்கோக்கள், பெயரில் கினி வரும் நான்கு நாடுகள்.

தலைநகர் பற்றி ஒரு வார்த்தை. பெரிய நகரம்தான் தலைநகர் என்று ஊகிக்காதீர்கள். கான்பெரா, பிரசிலியா, அபுஜா, அங்காரா, இஸ்லாமாபாத் ஒவ்வொன்றும் யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு. சிட்னியா மெல்பர்னா என்ற போட்டியைத் தீர்க்க நடுவே கட்டியது கான்பெரா. நாட்டை உள்நிலத்தை நோக்கி இழுக்க 1960ல் எழுந்தது பிரசிலியா. தென்னாப்பிரிக்காவோ பிரிட்டோரியா, கேப் டவுன், புளூம்ஃபொன்டெய்ன் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டது.

படி 7: மனிதரைப் படிக்கும்போது "எந்த நாட்டவர்" என்பதோடு நிறுத்தாதீர்கள்

ஒருவரைப் பற்றிக் குறிப்பு எடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள்: பிறந்த இடம் அன்று யாருடையது, இன்று யாருடையது? எங்கே போய் வேலை செய்தார்? செலவுக்குப் பணம் யார் தந்தது? அவருக்கு முன் அதே வேலையில் யார் இருந்தார்? அவர் போனபின் அந்த வேலை என்ன ஆயிற்று?

நிக்கோலா டெஸ்லா 1856ல் பிறந்த ஸ்மில்யான் கிராமம் அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது, இன்று குரோவேஷியாவில். குடும்பம் செர்பியக் குடும்பம். 1891ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். "டெஸ்லா எந்த நாட்டவர்" என்ற ஒற்றை வரி வினாவுக்கு எந்த விடை எழுதினாலும் பாதிதான். தத்துவஞானி காண்ட் இன்னும் நல்ல உதாரணம். 1724ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய அந்தப் பகுதியைவிட்டு நகரவே இல்லை. ஆனால் ஊர் நகர்ந்துவிட்டது! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது சோவியத் கைக்குப் போய், 1946ல் கலினின்கிராட் ஆனது. இன்று லித்துவேனியாவுக்கும் போலந்துக்கும் நடுவே, மற்ற ரஷ்யாவோடு ஒட்டாமல் தனியாகக் கிடக்கும் ரஷ்ய நிலம் அது. மிகப் பெரிய ஜெர்மானியத் தத்துவஞானியின் கல்லறை ரஷ்யாவில் இருப்பது இப்படித்தான்.

பணம் யார் தந்தார் என்ற கேள்விக்குச் செங் ஹே நினைவுக்கு வருகிறார். 1405 முதல் 1433 வரை ஏழு முறை மாபெரும் கப்பல் படையோடு சீனாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா, இந்தியா, அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா வரை போய் வந்த ஏற்பாடு. முழுக்க அரசுச் செலவு. ஆதரித்த யோங்லே பேரரசர் 1424ல் இறந்தபின் ஒரே ஒரு பயணம்தான் நடந்தது. அரண்மனையின் மனம் மாறியதும் எல்லாம் நின்றுவிட்டது. திறமை குறைந்து நின்ற வேலை அல்ல அது.

படி 8: "முதல்", "மிகப்பெரிய" என்று வந்தால் அளவுகோலைக் கேளுங்கள்

உலகை முதலில் சுற்றி வந்தவர் யார்? மெகல்லன் என்று எழுதினால் பல இடங்களில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் 1519ல் ஐந்து கப்பல்களோடு ஸ்பெயினிலிருந்து கிளம்பிய மெகல்லன் 1521 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் கொல்லப்பட்டார். 1522 செப்டம்பரில் விக்டோரியா என்ற ஒரே கப்பலைப் பதினெட்டுப் பேரோடு ஊர் சேர்த்தவர் எல்கானோ. ஒரே பயணத்தில் முழுச்சுற்று என்பது அளவுகோல் என்றால், விடை எல்கானோவும் அவருடன் வந்தவர்களும். மெகல்லனிடம் அடிமையாக இருந்த மலாய் மொழி பேசும் என்ரிக் என்பவர் மலாக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து மேற்கே மேற்கே போய்த் தம் மொழி புரிந்தவர்கள் வாழும் தீவுகளை வந்தடைந்தார். அவர் அதற்குப்பின் சொந்த இடம் போனாரா என்பதற்குப் பதிவு இல்லை.

இதே பயணத்தில் ஒரு சின்னச் செய்தி. திரும்பும் வழியில் கேப் வெர்டேயில் இறங்கியவர்கள் அங்கே வியாழக்கிழமை என்று கேள்விப்பட்டார்கள். கப்பல் கணக்கில் அன்று புதன். நாள் தவறாமல் குறிப்பு எழுதிவந்த பிகாஃபெட்டா குழம்பிப்போனார். கணக்கில் பிழை இல்லை. மேற்கு நோக்கியே உலகைச் சுற்றினால் ஒரு நாள் குறையும் என்பது அப்போதுதான் மனிதருக்கு அனுபவமாகத் தெரிந்தது.

மலைக்கும் அளவுகோல் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட், 8,848.86 மீட்டர். அடியிலிருந்து உச்சிவரை அளந்தால் ஹவாயின் மவுனா கியா 10,000 மீட்டரைத் தாண்டும், பெரும்பகுதி கடலுக்குள். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போரசோ உச்சிதான் தொலைவில் இருக்கிறது, ஏனென்றால் பூமி நிலநடுக்கோட்டில் புடைத்திருக்கிறது.

பெண்களுக்கு முதலில் வாக்குரிமை தந்த நாடு நியூசிலாந்து, 1893. ஆனால் அங்கே பெண்கள் தேர்தலில் நிற்க 1919 வரை காத்திருந்தார்கள். இரண்டு உரிமையையும் சேர்த்து 1906லேயே தந்தது பின்லாந்து. உலகின் முதல் பெண் பிரதமர் 1960ல் சிறிமாவோ பண்டாரநாயக்க. முதல் பெண் குடியரசுத் தலைவர் என்றால் அர்ஜென்டினாவின் இசபெல் பெரோன், 1974, கணவர் இறந்ததால் பதவிக்கு வந்தவர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் என்றால் ஐஸ்லாந்தின் விக்டிஸ், 1980.

படி 9: எழுதும் முன் சரிபாருங்கள்

பத்து இடத்தில் இருக்கிறது என்பதால் ஒன்று உண்மையாகிவிடாது. பத்தும் ஒன்றைப் பார்த்தே எழுதியிருக்கலாம். வேறு வேறு வழியில் வந்த இரண்டு சான்று, அந்தப் பத்தைவிட மேல். மக்கள்தொகை போன்ற எண்களுக்கு ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள்.

மேற்கோள்களில் இன்னும் கவனம் வேண்டும். "ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்" என்பதைப் பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் தலையில் கட்டிவிட்டார்கள். "ஒரு பெரிய இளவரசி" இப்படிச் சொன்னதாக ரூசோ எழுதியது 1760களில். அப்போது அந்துவானெத் ஆஸ்திரியாவில் சிறுமி. ஆண்டைப் பார்த்தாலே போதும், கதை கலைந்துவிடும். அலகுகளிலும் இப்படியே. நெப்போலியன் 5 அடி 2 அங்குலம் என்பது பழைய பிரெஞ்சு அங்குலத்தில். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 168 செ.மீ. அக்காலப் பிரெஞ்சு ஆணின் சராசரியைவிடக் குட்டை இல்லை.

படி 10: ஒரே பொருளை எடுத்து முழுவதும் செய்து பாருங்கள்

பனாமா கால்வாயை எடுத்துக்கொள்வோம். முதலில் வரைபடம். இரண்டு அமெரிக்கக் கண்டங்களும் சேரும் இடத்தில் நிலம் மெலிந்து கிடக்கிறது. கால்வாயின் நீளம் சுமார் 80 கி.மீ. நிலம் அங்கே வளைந்து படுத்திருப்பதால் அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் கப்பல் தென்கிழக்காகப் போகிறது. பசிபிக் வாசல் அட்லாண்டிக் வாசலுக்குக் கிழக்கே இருக்கிறது. வரைபடத்தைப் பார்க்காமல் இதை யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்து காலம். 1513ல் பல்போவா இந்த நிலத்தைக் கடந்து பசிபிக்கைப் பார்க்கிறார். 1869ல் சூயஸ் கால்வாய் திறக்கிறது. அதைக் கட்டி முடித்த லெசெப்ஸ் 1881ல் பனாமாவில் பிரெஞ்சு வேலையைத் தொடங்குகிறார். சூயஸ்போலவே கடல்மட்டத்தில் வெட்டிவிடலாம் என்று பிடிவாதம். அங்கே மணல், இங்கே மலையும் மழையும் வெள்ளம் புரளும் சாக்ரெஸ் ஆறும். 1889ல் கம்பெனி திவால். மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் விபத்துகளிலும் இறந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

இப்போது படி 4ஐப் போல 1881ஐ வெட்டுங்கள். அதே ஆண்டில் கியூபாவில் கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர், மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று சொல்லிவிட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1897ல் ரொனால்ட் ராஸ் கொசுவின் உடலில் மலேரியா நுண்ணுயிரைக் கண்டார். 1900ல் வால்டர் ரீட் குழு ஃபின்லே சொன்னதை உறுதி செய்தது. 1904ல் அமெரிக்கர்கள் வேலையை எடுத்தபோது மருத்துவர் கோர்கஸ் செய்த முதல் காரியம் கொசு ஒழிப்பு. கடல்மட்டக் கனவையும் விட்டார்கள். சாக்ரெஸுக்கு அணை கட்டி, கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரியை உண்டாக்கி, கப்பலை நீர்ப்பூட்டுகளால் (நீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை உயர்த்தித் தாழ்த்தும் கதவிட்ட தொட்டிகள்) ஏற்றி இறக்கினார்கள். 1914 ஆகஸ்ட் 15ல் திறப்பு. முதல் உலகப் போர் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகாததால் செய்தித்தாள்களில் அதற்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை.

நிலம் யாருடையது? 1903 நவம்பர் வரை பனாமா கொலம்பியாவின் பகுதி. அமெரிக்கா கேட்ட ஒப்பந்தத்தைக் கொலம்பிய மேலவை மறுத்த சில மாதங்களில், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பக்கத்தில் நிற்க, பனாமா தனி நாடாகிறது. கால்வாய் பனாமாவின் கைக்கு முழுமையாக வந்தது 1999 டிசம்பர் 31ல். ஏரியின் நன்னீரை ஒவ்வொரு கப்பலுக்கும் கடலில் விட வேண்டியிருப்பதால், 2023 வறட்சியில் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டி வந்தது. லெசெப்ஸின் கடல்மட்டக் கால்வாய்க்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. ஆனால் அதை வெட்டவே முடிந்திருக்காது.

படி 11: மறுபார்வை

படித்த அன்று இரவே நூலை மூடிவைத்துவிட்டு, பனாமாவின் வளைவையும் முக்கியமான ஆண்டுகளையும் வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும், ஒரு மாதம் கழித்து மீண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதுவது கூடுதல் பலன் தரும். விடுபட்டதை வேறு நிற மையில் நிரப்புங்கள். அடுத்த முறை அந்த நிறம் உள்ள இடங்களை மட்டும் பார்த்தால் போதும். புதிய பொருளைத் தேட வேண்டியதும் இல்லை. பனாமாவிலிருந்து கொலம்பியாவுக்கோ, சூயஸுக்கோ, மலேரியாவுக்கோ போகலாம். எது உங்களை இழுக்கிறதோ அது.